மில் நிற்கிற வளவு யாருடையது?

கம்பனிச் சட்டத்தரணியிடம் கிளாக்கர் வேலை என்றால், ஆட்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட கடதாசிகளைக் கட்டி அடுக்குகிற வேலைதான். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு வாய்த்தவர் பரீனா மிஸ். கொழும்பில் பெரிய பெரிய கம்பனிகள் அவருக்காகக் காத்திருக்கும். அவரோ சனிக்கிழமையானால் கல்முனை ஒபீசில் இருப்பார். பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், பிரமிப்பு இன்னும் தீரவில்லை.

கடைசிப் பக்கம்

மிஸ் எந்த ஒப்பந்தத்தையும் பின்னாலிருந்துதான் வாசிப்பார். நிந்தவூர் கபூர் ஹாஜியார் தன் நெல் மில்லில் பாதிப் பங்கைக் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சும்மா காட்டிப்போக வந்தார். மிஸ் கடைசி இணைப்பில் விரலை வைத்தார். மூன்று வருடத்தில் கம்பனி கேட்டால் மீதிப் பங்கையும் மில் நிற்கிற காணியான வளவையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இருந்தது. நாற்பது பேர் வேலை செய்கிற மில். ஹாஜியார் கடதாசியைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினார்.

“முன்பக்கத்தில என்ட பேர் சரியா இரிக்கான்னு மட்டும்தான் பாத்தன் மிஸ்.”

உறுதி

எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மிஸ் மெதுவாக, “வளவு உறுதி யார்ட பேர்ல?” என்று கேட்டார். “என்ட மில்லு, என்ட வளவு” என்றார் ஹாஜியார். அவர் சொன்னதைத்தான் கொழும்பு லோயர்மாரும் நம்பியிருந்தார்கள். மிஸ் நிந்தவூரில் பிறந்தவர், அவர் நம்பவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியிருந்து, நாளடைவில் தன்னுடையது என்பார். காணி உறுதிப் பத்திரத்தை எடுப்பித்துப் பார்த்தால், வளவு ஹாஜியாரின் மனைவி சல்மா ராத்தாவின் பேரில் இருந்தது. அவர் கையெழுத்தில்லாமல் அந்த இணைப்பு செல்லாது.

“முப்பது வரிசமா அது எனக்கு நினைவிலயே இல்ல மிஸ்.”

பெரிய கதிரை

அடுத்த சனிக்கிழமை கம்பனியின் லோயர்மார் மூன்று பேர் அந்தக் கையெழுத்தைத் தேடிக் கல்முனைக்கே வந்தார்கள். மிஸ் தன் கதிரையில் சல்மா ராத்தாவை இருத்திவிட்டுத் தான் பக்கத்தில் ஒதுங்கி இருந்தார். ஒரு லோயர் பேனையை நீட்டி, ஒரேயொரு கையெழுத்துத்தான் என்றார். ராத்தா பேனையைத் தொடவில்லை.

“அத வாசிச்சிக் காட்டுங்க மகன். கடைசிப் பக்கத்தில இரிந்து.”

வாசித்துக் காட்டியதும் ராத்தா கையெழுத்துப் போட மறுத்துவிட, லோயர்மார் இணைப்பை அங்கேயே வெட்டிவிட்டார்கள். ஹாஜியாரோ இப்போதும் “என்ட மில்லு” என்று தொடங்கி, ராத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு “எங்கட மில்லு” என்று முடிக்கிறார்.