அப்பா பின்னிய குதிகால்

வேலை முடிந்து வரும் அப்பாவின் பாதங்களைத் தொட்டால் சித்திரை வெயிலிலும் சில்லென்றிருக்கும். மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் இறால் பெட்டிகளை அடுக்குவது அவருடைய வேலை. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸோடு ஐஸ் அறைக்குள் நிற்பார். அதை "ரூமுக்குள்ள எறங்கறது" என்பார். நான் ஏழாவது படித்த வருஷம் அவர் கால்விரல்கள் நீலம் பாரித்து வீங்கிவிட்டன. மூன்று வாரம் வீட்டில் இருக்கச் சொன்ன டாக்டர், "இன்னொரு முறை இப்படி ஆனா விரலையே எடுக்க வேண்டி வரும்" என்று சொல்லி அனுப்பினார்.

கடையில் வாங்கும் சாக்ஸ் பூட்ஸில் உரசி உரசிக் குதிகாலில்தான் முதலில் ஓட்டையாகும். பள்ளியில் "நிட்டிங்" கற்றுக்கொண்டிருந்த நான், தடித்த கம்பளி சாக்ஸ் பின்னித் தருவதாக வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சிவப்பிலும் வெள்ளையிலும் டைமன் டிசைன் போட்டு, மேல் விளிம்பிலிருந்து கணுக்கால்வரை அழகாகவே வந்தது. அதன்பிறகு ஊசியில் கோத்திருக்கும் நூல் கண்ணிகளில் பாதியை மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாகப் பின்னி, குதிகாலை மூடும் ஒரு பட்டையை இறக்க வேண்டும். நூலோடு வந்த ஆங்கிலத் தாளில், ஒரு கண்ணியை 'ஸ்லிப்' செய், அடுத்ததைப் பின்னு என்றிருந்தது. ஸ்லிப் என்றால் வழுக்குவதுதானே என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கண்ணிகளை ஊசியிலிருந்து நழுவ விட்டேன். டைமன்கள் கண்ணெதிரே ஏணி ஏணியாகப் பிரிந்து இறங்கின. அழுதுகொண்டே எல்லாவற்றையும் வீசினேன்.

கழன்ற கண்ணிகளை அம்மா கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாகக் கோத்தெடுத்தாள். அப்பா அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வுழவுட சொல்லல கண்ணு, தள்ளிவுட சொல்றான். நாங்க பொட்டியப் பிரிக்காம ரோலர்ல தள்ளிவுடறோம்ல, அந்த மாரி" என்று, ஒரு கண்ணியைப் பின்னாமலே அடுத்த ஊசிக்கு மாற்றிக் காட்டினார். அவருக்குப் பின்னத் தெரியாது. நான் ஒரு வரிசை பின்னிக் காட்டினேன். பார்த்துக்கொண்டு ஊசியை வாங்கியவர் என்னிடம் திருப்பித் தரவில்லை. "ஒண்ணு தள்ளு, ஒண்ணு பின்னு" என்று முணுமுணுத்தபடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டை இரண்டு மடங்கு தடித்து வந்தது.

பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, பொம்பளைங்க மாரி பின்னிகினு கீறே?" என்று சிரித்தார்.

"வெரலு என்னுதுபா. நான்தான் பாத்துக்கணும்" என்றார் அப்பா, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

இரண்டு சாக்ஸுக்கும் குதிகால் அவருடையது, மற்றதெல்லாம் என்னுடையது. அவற்றைப் போட்டுக்கொண்டே வேலைக்குத் திரும்பினார், விரல்கள் பிழைத்தன. சாக்ஸின் பாதப்பகுதி தேயும்போதெல்லாம் நுனியிலிருந்து பிரித்துப் புதிதாகப் பின்னித் தருவேன். குதிகாலை மட்டும் தொட விடமாட்டார். "அது கெட்டியா கீது, வுடு."

கிடங்கு இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. நான் அயனம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன். போன வருஷம் அப்பா இறந்தபோது, பெட்டியில் வைக்கும்முன் காலில் போடுவதற்கென்று சர்ச்சிலிருந்து வந்தவர்கள் புது வெள்ளை சாக்ஸ் வாங்கி வந்திருந்தார்கள். கால்வரை பூ மூடியிருந்ததால் நான் எதையும் கவனிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அந்தச் சிவப்பு சாக்ஸைத் தேடி அப்பாவின் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வெள்ளை சாக்ஸை உறை பிரிக்காமல் எடுத்து நீட்டினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பின்னுனதத்தான் போட்டு அனுப்புனேன். கடையில வாங்குனது எத்தினி நாளைக்குத் தாங்கும்?"