அக்கா கழுவிய போன்

அப்பாவுக்கு இதயக் குழாய் அடைப்பை எடுத்த பிறகு, தினமும் பிரஷரையும் அவர் எப்படி இருக்கிறார் என்பதையும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அதைப் பார்த்துத்தான் மாத்திரையை மாற்றுவாராம். அப்பா இருப்பது கடையத்தில், அக்கா வீட்டில். அண்ணன் பட்டாளத்தில், எல்லைப் பக்கம். நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் வரவேற்பில். மூன்று பேரும் பார்க்கிற மாதிரி ஒரு ஆப் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

அண்ணனுக்கு நெட் இல்லாமலும் திறக்க வேண்டும். அக்காவுக்குப் பாஸ்வேர்டு என்ற பேச்சே ஆகாது.

"வாட்ஸ்அப்புல போட்டா ஆவாதாக்கும்? ஏம்லே இந்தப் பாடு படுத்துத?" என்றாள்.

குட்மார்னிங் படங்களுக்கு நடுவே பிரஷரைத் தேட முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில், ஒருவர் எழுதினால் மற்றவர் போனிலும் தானாக வந்து உட்காரும் ஆப் ஒன்றைப் பிடித்தேன். பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டைக் கழுவிவிடுவாள். கூடவே போனையும் கழுவுவாள் என்று யார் கண்டது? இடம் அடைக்கிறது என்று குறிப்புகளை அழித்து, அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டாள். ஒரு போனில் அழித்தால் எல்லாப் போனிலும் அழியும். என் போன் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"என் போனத்தான சுத்தம் பண்ணுனேன், ஒன் போன நான் தொட்டனா?" என்று அழுதாள். நியாயமான கேள்விதான். திட்ட வாய் வரவில்லை.

அண்ணன் ஒரு வாரமாக நெட் எட்டாத இடத்தில் இருந்தார். அவர் போனை மட்டும் அக்காவின் துடைப்பம் தொட்டிருக்காது; போன வாரம் வரைக்குமான குறிப்பாவது அதில் இருக்கும். சாயங்காலம் அவர் முகாம் போனிலிருந்து கூப்பிட்டதுமே, "அண்ணே, ஒங்க போன்ல நெட்ட மட்டும் ஆன் பண்ணிராதீங்க!" என்று கத்தினேன். அருவியில் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதுவரை அவர் அந்த ஆப்பைத் திறந்ததே இல்லை; நானும் பிரஷர் எண்ணைத் தாண்டி வாசித்ததில்லை. இப்போது வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டேன்.

"நூத்தி நாப்பது, தொண்ணூறு. ரெண்டு இட்லி. மாத்திர போட்டதும் உறங்கிட்டாரு. பெரியவன் கூப்பிட்டா எழுப்புன்னு சொல்லிட்டுத்தான் படுக்காரு."



"அண்ணே, கேக்கா?"

"இத எல்லா நாளும் எழுதிருக்கா லே. நான் கூப்பிடும்போதெல்லாம் உறங்கட்டும், எழுப்பாதன்னுல்லா சொன்னேன்."

அக்கா அண்ணன் சொல்லைத் தட்டமாட்டாள். எழுப்பாமல், எழுதி மட்டும் வைத்திருக்கிறாள்.

"அடுத்தத வாசிங்க, அண்ணே."

"அப்புறம் வாசிக்கேன். அக்காட்ட சொல்லி அப்பாவ எழுப்புலே."