மார்செய்யில் என் ஷூ போன கதை

1930ஆம் வருஷம், தை மாதம். லண்டனிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் சரக்குக் கப்பல் பிரெஞ்சு தேசத்து மார்செய்யில் ஒரு பகல் நின்றது. நான் கப்பலில் சமையல், ஊர் ராயபுரம். கப்பித்தானே என்னைக் கூப்பிட்டு, "நீ பார்த்துவிட்டு வந்து ஊர் எப்படி என்று சொல்" என்றார். நம் பேட்டையிலிருந்து கப்பலேறப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு இறங்கினோம். கூட என் தோஸ்து காதர், தண்டையார்பேட்டைக்காரன், கப்பலில் கரி தள்ளுகிறவன். அவன் கிளம்பிய பிறகு வீட்டில் பிள்ளை பிறந்திருந்தது. இன்னும் முகம் பார்க்கவில்லை. மாலை ஐந்துக்குக் கப்பல் போய்விடும். அனுமதிச் சீட்டு இல்லாதவனைத் துறைமுக வாசலில் உள்ளே விடமாட்டார்கள். ஜேப்படிக்குப் பயந்து இருவர் சீட்டையும் மடித்து என் வலது ஷூவுக்குள் வைத்தேன். இந்த யோசனை வேறு எவனுக்கும் வராது.

வழிகாட்டி அந்துவான். புதுச்சேரியில் பிறந்து, இருபது வருஷமாக மார்செய்யில் மீன் விற்கிறவர். கூலி ஐந்து பிராங்கு. ஒரு மைல் நடந்தால் பழைய துறைமுகம். அங்கே ஓர் இரும்புப் பாலம். அதிலிருந்து தொங்கும் தட்டில் குதிரைவண்டியே அக்கரை போகிறது. உயரம் இருபது பனைமரம். அந்துவான் ஐந்து என்றார். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல்.

சாப்பிட்டுவிட்டு மேட்டுத் தெருவில் படியேறினால் ஒரு சின்ன மாதா கோயில். புயலில் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்ட பொம்மைக் கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. அந்துவான் கீழே யாருடனோ பேசிக்கொண்டு நின்றுவிட்டார். நான் நம்மூர் வழக்கப்படி வாசலில் ஷூவைக் கழற்றினேன். காதர் தன்னுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டான். அவனுக்கு நம்பிக்கை குறைவு.

வெளியே வந்தால் ஷூ இல்லை. மணி மூன்று பத்து.

"இன்னா மாமு, சீட்டும் அதுல தானே கீது?" என்றான் காதர். முகம் வெளுத்துவிட்டது. "எம் புள்ள மூஞ்ச நான் பாக்க வாணாமா?"

மேலே வந்த அந்துவான் தலையில் அடித்துக்கொண்டார். "இங்க யாரும் வாசல்ல கழட்ட மாட்டாங்க அண்ணே. ஏழைங்களுக்கு விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சிருப்பாங்க."

கோயில்காரரைக் கேட்டார். அதேதான். வலை பின்னும் கிழவர் ஒருவருக்கு அப்போதுதான் கொடுத்தாராம். படிகளில் ஓடினோம். நான் தான் முன்னால்.

கிழவர் படகடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். காலில் என் ஷூ. அந்துவான் சொன்னதும் வலது காலை உருவினார். சீட்டு இரண்டும் உள்ளேயே, சப்பையாக, ஈரமாக. ஷூ பெரிதாக இருந்ததால், அளவுக்காக யாரோ வைத்த காகிதம் என்று நினைத்தாராம்.

ஷூவையும் நீட்டினார். பக்கத்தில் கிடந்த அவருடைய பழைய ஜோடியில் பாதி அடியே இல்லை. "வெச்சுக்கச் சொல்லுங்க" என்றேன். தைக் குளிரில் ஒரு மைல் வெறுங்கால். நாலு முப்பத்தைந்துக்குத் துறைமுக வாசல். காவல்காரன் என் காலைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், விட்டான். காதர் அங்கேயே ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

போகிறவர்கள் சீட்டை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். வழிகாட்டியை விட்டுப் பிரியாதீர்கள். மூன்று மணிக்கே திரும்பிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் தண்டையார்பேட்டை வீட்டில் காதர் தன் பிள்ளையை என் மடியில் போட்டான். "நைனா, இந்த மாமு வாசல்ல எதையாச்சும் கழட்டுனா நீ எடுத்து வெச்சுக்கோ" என்றான். அன்றும் நான் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன்.