படுத்தால் சரியாகும் நோய்

சித்தப்பாவைப் போல ஒரு சோம்பேறி தியாகதுருகம் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது என்பது அப்பாவின் முடிவு. கரும்பு வெட்டக் கூப்பிட்டால் மறுக்காமல் வருவார். நாலு கரும்பு வெட்டி நிமிர்வதற்குள் மூச்சு வாங்கும், கண் இருட்டும், வரப்பில் சாய்ந்துவிடுவார். சற்றுநேரம் படுத்தால் போதும், முகம் தெளிந்து என்னோடு கதை பேச ஆரம்பித்துவிடுவார். அதுதான் அப்பாவுக்குப் பொறுக்காது. நிஜமான நோயாளி இப்படியா கதையளப்பான்?

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, டிராக்டர்மேல் ஏறி நின்ற சித்தப்பா அப்படியே சரிந்து விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டார். தையல் போட அப்பா அவரைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனார். அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன். எப்படி விழுந்தார் என்று டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம், அப்பா பிடித்துக்கொண்டார்.

“இன்னாத்த சொல்றதுங்க? நின்னா மயக்கம் வருதாம், படுத்தா சரியாப் பூடுதாம். சோம்பேறித்தனத்துக்கு ஊசி எதுனா இருந்தா போட்டு வுடுங்க.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “படுத்தா சரியாயிடுதா?” என்று அதையே திரும்பக் கேட்டார். சித்தப்பாவை உட்காரவைத்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், படுக்கவைத்தும் வைத்தார். தையல் போட்ட கையோடு ஸ்கேன் அறைக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

கறுப்பு வெள்ளைத் திரையில் சித்தப்பாவின் இதயம் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஓர் உருண்டை, காம்பில் தொங்கும் கத்தரிக்காய் போல, ஒவ்வொரு துடிப்புக்கும் இறங்கி ஏறி ஆடியது. நான் வாயைப் பிளந்து நின்றேன். நெஞ்சுக்குள் இதை வைத்துக்கொண்டா இந்த மனிதர் எனக்கு இத்தனை கதை சொன்னார்!

“புத்துநோய் இல்லைங்க, சாதாரணக் கட்டிதான். ஆனா எழுந்து நின்னா இறங்கி வால்வை அடைக்குது, படுத்தா விலகிடுது. மொத்தமா அடைச்சுட்டா ஆளு அந்த இடத்துலயே போயிடுவாரு. உடனே எடுத்தாகணும்” என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷனுக்குச் சென்னை போய்ச் சேரும்வரை, வாயைத் திறந்தால் வசவு கொட்டும் அப்பா, தம்பியை எழுந்து உட்காரக்கூட விடவில்லை.

ஆபரேஷன் முடிந்து பெரிய டாக்டர் வெளியே வந்தார். “நல்லபடியா எடுத்துட்டோம். இதயத்தை நிறுத்தி வச்சுதான் எடுத்தோம். இப்ப தானாத் துடிக்குது.”

“நிறுத்தியா?” என்றார் அப்பா. முன்பே விளக்கிச் சொல்லியிருந்தார்களாம். பயத்தில் அவர் காதில் ஏறவில்லை.

“அதுவரைக்கும் மெஷின்தாங்க ரத்தத்தை ஓட்டிச்சு.”

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. கிணற்று மோட்டாரை நிறுத்திப் பழுது பார்ப்பதுபோல ஒரு மனிதரின் இதயத்தை நிறுத்தலாம், திறக்கலாம், மறுபடி ஓடவிடலாம்! அதைவிடப் பெரிய அதிசயத்தை நான் இன்றுவரை கண்டதில்லை.

சித்தப்பா தேறி, அடுத்த வருஷம் கரும்பு வெட்ட இறங்கினார். வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் நான் இந்தக் கதையை நடித்தே காட்டுவேன். திரையில் உருண்டை ஆடுகிற கட்டம்வரை அப்பா தலையாட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பார். “அப்பறம் சித்தப்பா நெஞ்ச நிறுத்திட்டாங்க” என்று நான் கையை உயர்த்தும்போது எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.