இரண்டு இடத்தில் செவலை

போன சனிக்கிழமை காலை, ததும்பும் தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிவருவதுபோல் அம்மா தன் கேம் கருவியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, எடமில்லன்னு சொல்லுது லா. செவல கன்னு போட்டுருக்கா. இப்பப் போயி இப்பிடிச் சொன்னா?"

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனாலும் 'முடியாது' என்பதை எந்த எழுத்தில் எழுதினாலும் கண்டுபிடித்துவிடுவார். ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ் ஜன்னல்முன் அத்தனை வருடம் நின்றவருக்கு அது தானாக வந்துவிடும்.

நீங்கள் பதற வேண்டாம். செண்டாயானில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டு வாசலில், மாடு எதுவும் இல்லை. கன்று போட்டது கருவிக்குள் இருக்கும் மாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிரம்பானில் நான் ஆசைப்பட்டு வாங்கிய கருவி அது. கார் பந்தயத்துக்காக வாங்கினேன். எல்லா வளைவிலும் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் விட்டேன். கூடவே ஒரு பண்ணை விளையாட்டும் இருந்தது. மண்ணைக் கொத்த வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், மாட்டுக்குத் தீனி போட வேண்டும். நான் ஷிப்டுக்குப் போன நேரத்தில் அம்மா அதைக் கையில் எடுத்தார். அதன்பிறகு கருவி என்னிடம் திரும்பி வரவே இல்லை. காலமெல்லாம் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், சம்பளமே இல்லாமல் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

முதல் மாடு வாங்கியதும் அதற்குப் பெயர் வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னபடி செவலை என்று அடித்துக் கொடுத்தேன். படத்தில் இருந்ததோ கருப்பும் வெள்ளையுமான மாடு.

"நெறம் ஒத்துவரலியேம்மா."

"ஒனக்கு என்னா தெரியும்?"

எனக்குத் தெரியும். ஆனால் அதை அப்போது பேசவில்லை.

சனிக்கிழமைச் சிக்கலுக்குக் காரணம், மெமரி கார்டு நிரம்பிவிட்டதுதான். நிரப்பியவன் நான், ஆடாத ஆட்டங்களையெல்லாம் ஏற்றி வைத்து. கார் பந்தயத்தை அழித்தேன், கன்றுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் கார்டும் வயசாளி. சில நாள் கழற்றி, ஊதி, மறுபடி செருகினால்தான் கண் திறக்கும். என்றைக்காவது ஒருநாள் மொத்தப் பண்ணையையும் விழுங்கிவிடும் என்று பயந்து, அன்றைக்கே பெரிய கார்டாக ஒன்று வாங்கி வந்தேன்.

உறையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாடை. எனக்கு உடனே லாரித் தார்ப்பாய் நினைவுக்கு வந்தது.

தோட்டத்தை விற்று எங்களைக் காலி பண்ணச் சொன்னபோது, மழைக்காக லாரிக்காரர் புதுத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதன் அடியில் எங்கள் வீடு மொத்தமும் அடங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. நான் அப்போது பள்ளியில் நான்காம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சி நனைந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. லாரியில் ஏறாதது, நாங்கள் வளர்த்த செம்மண் நிற மாடு, நிஜச் செவலை மட்டும்தான். புது இடத்தில் மாடு வளர்க்க விடமாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் முதல்நாளே வந்து அதை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போயிருந்தார். அம்மா வெளியே வரவில்லை. உள்ளே உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் குடிவந்த மறுவாரம், தோட்டத்து ஜாகா, அதாவது காவல்காரர், மோட்டார்சைக்கிளில் வீட்டைத் தேடி வந்தார். காலி வீடுகளுக்குக் காவலாக அவரை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்.

"அக்கா, ஒங்க மாடு கயித்த அறுத்துக்கிட்டு வந்து லயத்துல நிக்குது. வெரட்டுனாலும் போவல."

அம்மா சேலையைக்கூட மாற்றவில்லை. ஜாகாவின் மோட்டாரிலேயே ஏறிக்கொண்டார். நான் சைக்கிளில் மூச்சு வாங்கப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, அங்கே மாடு இல்லை. வாங்கியவர் அதற்குள் வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார். லயத்து வரிசையில் எங்கள் பழைய வீட்டுக் கதவையும் ஜன்னலையும் யாரோ பெயர்த்திருந்தார்கள். வாசலில் ஈரச் சாணி மட்டும் கிடந்தது. அம்மா அதன் பக்கத்தில் நின்றார்.

"என்னத்தான் தேடிருக்கா. நாம போயிட்டோம்னு அவளுக்கு யாரு சொல்லுவா?"

அதற்குப் பிறகு அம்மா அந்த மாட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கருவிக்குள் பெயர் வைத்த நாள் வரைக்கும்.

பெரிய கார்டுக்கு வருகிறேன். செருகினால், கருவி அதைச் சட்டை பண்ணவே இல்லை. கம்பெனியில் யாருக்குக் கணினி மக்கர் செய்தாலும் முந்திக்கொண்டு போய் நிற்கிறவன் நான். அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, வெட்கத்தை விட்டு, கூட வேலை செய்யும் பையனுக்குப் போன் போட்டேன். "மொதல்ல அந்தக் கருவியிலயே வெச்சி ஃபார்மட் பண்ணணும் அண்ணே" என்றான். சிரிப்பை அடக்குவது கேட்டது. அவன் சொன்னபடி செய்து, பழைய கார்டில் இருந்ததைக் கணினி வழியாகப் புதியதில் நகல் எடுத்தேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கருவியைத் திறந்தார். கொட்டகைக்குள் போனார். செவலை இருந்தது. கன்றும் இருந்தது. அம்மாவின் தோள் இறங்கியதை அப்போதுதான் கவனித்தேன். அதுவரைக்கும் தூக்கியே வைத்திருந்திருக்கிறார்.

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பெரிய நிபுணன் மாதிரி பழைய கார்டை எடுத்துக் காட்டினேன்.

"இது இருக்கட்டும்மா. இதுலயும் எல்லாம் அப்படியே இருக்கு. புதுசு கெட்டாலும் பயமில்ல."

அம்மா கார்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நகத்தளவுதான் இருக்கும்.

"அப்ப இதுக்குள்ளாறயும் செவல நிக்கிறாளா?"

"நிக்கிறா. நகல்தாம்மா."

"யாரு தீனி போடுவா?"

கருவியில் செருகாதவரைக்கும் உள்ளே நேரம் நகராது, பசிக்காது என்று விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். புரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகவே அந்த விளையாட்டு அவருக்குப் புரியும்.

"பசிக்காது, சரி. நாம போயிட்டோம்னு அவளுக்குத் தெரியாதுல்ல."

சொல்லிக்கொள்ளும்படி அழுகிற ஆள் இல்லை நான்.

அம்மா பழைய கார்டையே மறுபடி செருகச் சொன்னார். செவலைக்குத் தீனி போட்டார், மேலே தேய்த்துவிட்டார். கன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டார். வீட்டுக்குள் போய் விளக்கை அணைத்து, அன்றைய நாளைச் சேமித்தார். பிறகு கருவியை என்னிடம் நீட்டினார்.

"இப்ப அழிச்சிரு."

இருக்கிற ஒரே மாற்று நகலை அழிப்பது எந்த நிபுணனும் செய்யக்கூடாத காரியம். செய்தேன். நிச்சயமாகவா என்று கருவி கேட்டது, அம்மா தலையசைத்தார்.

லயம் இருந்த இடம் எங்கள் தாமானுக்கு வெகு தூரமில்லை. வேலைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். ஒரே மாதிரி கூரை போட்ட வீடுகள், ஒரு பெரிய சந்திப்பு, ஒரு பெட்ரோல் நிலையம். எங்கள் வாசல் எதற்கு அடியில் போனது என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. மேடு பள்ளத்தையே மாற்றிவிட்டார்கள். இன்றைக்குச் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தால், எங்கே வந்து நிற்பது என்று அதற்கும் தெரியாது.