சிவப்புத் துணி கட்டிய இடம்

தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் இங்கே ஒரு சொட்டு விழாது. தினமும் காலையில் அதை அடுப்போரம் வைத்து இளக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டியிருக்கிறது. சாத்தூர் வெயிலில் வளர்ந்த எனக்கு இது பெரிய வேடிக்கை. கல்லூரி விடுமுறையில், மலாய் நாட்டின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கத் தன்னார்வலராக வந்திருக்கிறேன். தனியாக விமானம் ஏறியது இதுதான் முதல் தடவை. "தெரியாத ஊருல தனியா என்ன செய்வ?" என்று கேட்ட அப்பா, நான் கிளம்பும் நாள்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. "அங்கயும் நம்ம ஆளுகதானப்பா, நான் பாத்துக்குவேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் அப்படித்தான் இருந்தது. நான் தங்கியிருப்பது செல்வி அக்காவின் வீட்டில். தேயிலை வெட்டும் மிஷின் பிடிக்கிறவர். அவர் மகள் ஷர்மினி ஒன்றாம் வகுப்பு, என் மாணவி. தோட்டத்து நுழைவாயிலில் முனீஸ்வரர். சூலத்தில் சிவப்புத் துணி. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்பவரேதான். இந்தக் குளிருக்கு ஸ்வெட்டர் போடாமல் நிற்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் வழியில் எங்கே சிவப்புத் துணி தெரிந்தாலும் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போடாமல் நகர மாட்டோம். அந்தப் பழக்கத்தை விமானத்தில் கூடவே ஏற்றி வந்திருக்கிறேன்.

போன வாரம் வகுப்பு முடிந்து ஷர்மினியோடு திரும்பும்போது மழை வருகிற மாதிரி இருந்தது. ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். பாதை முகப்பில் ஒரு கம்பு, அதில் சிவப்புத் துணி.

"டீச்சர், வேணாம்" என்றாள் ஷர்மினி.

சாமிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "பயப்படாத, கும்பிட்டுட்டுப் போலாம். செருப்பக் கழட்டு" என்றேன். டீச்சர் சொன்னால் மறுபேச்சு இல்லாத பிள்ளை. இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரமான புல்லில் வெறுங்காலோடு அந்தச் சரிவு முழுக்க நடந்தோம். ஏதோ நெடி அடித்தது. உரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் நின்ற செல்வி அக்கா எங்கள் கால்களைப் பார்த்தார். பிறகு நாங்கள் வந்த பாதையைப் பார்த்தார்.

"செலிப்பர கால்ல போடலயா? அந்தக் காட்டுலயா வந்தீங்க? காலையிலதான் களைக்கு மருந்து அடிச்சாங்க. செவப்புத் துணி கட்டியிருந்துச்சே, பாக்கலயா?"

"பாத்தேன்க்கா. அதனாலதான் கழட்டச் சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. குழாயடியில் பிள்ளையின் காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தபடியே கேட்டார்: "கைய வாயில வச்சியா? எலைய கடிச்சியா?" ஷர்மினி பதில் சொல்லாமல் என்னையே பார்த்தாள். சொன்னால் டீச்சருக்கு ஏச்சு விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் தன் கெரெத்தாவை, அதாவது காரை, எடுத்தார். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காய்கறி லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகராமல் நின்றன. அப்பா போன் அடித்தார். எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

மலாய்க்கார டாக்டர் ஷர்மினியின் வாயையும் பாதங்களையும் பார்த்துவிட்டு, ஏன் செருப்பைக் கழற்றினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "கடவுள்" என்றேன். யாரோ கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டு செல்வி அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா மலாயில் எதையோ விளக்கினார். டாக்டர் என் வெறுங்காலைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா வெளியே போன நேரம் பார்த்து ஷர்மினியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னை யாரும் ஏச மாட்டாங்கம்மா. வாயில ஏதாச்சும் வச்சியா?"

"இல்ல டீச்சர். ரெண்டு கையிலயும் செலிப்பர் இருந்துச்சில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்திரி வெகுநேரம் வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது செல்வி அக்கா, "தெரியலன்னா கேக்கணும் லா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அப்பாவிடம், சிக்னல் இல்லை என்று சொன்னேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. நுழைவாயில் முனீஸ்வரருக்கு விளக்குப் போட என்னையும் கூப்பிட்டார்கள். சூலத்துச் சிவப்புத் துணியைக் கண்டதும் என் கால் தானாக நின்றது. செருப்பை விட்டு வர மறுத்தது. முன்னால் போன ஷர்மினி திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், இது சாமி. இங்க கழட்டலாம்."

இடது செருப்பைக் கழற்றினேன். சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது. வலது காலைச் செருப்பிலேயே வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ச் சாமியை அவள் கையைப் பிடித்தபடி கும்பிட்டேன்.