காலை பத்து மணிக்கு என்ன செய்வார்கள்?

நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை. “மறுபடியும் வா” என்கிறார் மேசைக்குப் பின்னால் இருக்கும் மேடம். மாணவன் வெளியே போகிறான். கதவைத் தட்டுகிறான், நுழைகிறான், நாற்காலியை நோக்கி நடக்கிறான். “ஃபேனைப் பாத்துக்கிட்டு வந்தா ஃபேன்தான் வேலை குடுக்கும். மறுபடியும் வா.” ஐந்தாவது தடவை அவன் அலுத்துப்போய், தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டே நுழைகிறான். “ஆங், இந்த மூஞ்சி! இதை இவ்வளவு நேரம் எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?”

அந்தத் தொழிற்கல்லூரியில் அவருக்கு ‘மறுபடி மேடம்’ என்று பெயர். அவருக்கும் அது தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவன், அதுதான் அவருடைய உண்மைப் பெயர் என்று நம்பி, ‘மதிப்பிற்குரிய மறுபடி மேடம் அவர்களுக்கு’ என்று விடுப்புக் கடிதம் எழுதியிருந்தான். அந்தக் கடிதம் இன்றும் அவர் மேசைக் கண்ணாடியின் அடியில் பத்திரமாக இருக்கிறது.

வயது முப்பத்தொன்பது. குள்ளமான உருவம், ஆனால் அவரோடு நடக்கிறவர்கள் பாதி ஓட வேண்டியிருக்கும். அவருடைய அறை ஒரு காலத்தில் விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்த இடம். அலமாரியின் தலையில் கிழிந்த வலையும் காற்றுப் போன பந்தும் இன்னும் கிடக்கின்றன. பிஸ்கட்டைத் தேநீரில் முக்கித்தான் தின்பார். ஒவ்வொரு முறையும் பாதி உள்ளே விழுந்துவிடும். பேச்சை நிறுத்தி, கரண்டியால் அதை மீட்டெடுத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் அடுத்த கேள்வி.

பதவியைக் கேட்டால் தட்டச்சர். பதினோரு வருடங்களுக்கு முன்பு, பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு வந்தார். போனவர் திரும்பவில்லை; இவரைப் போ என்று யாரும் சொல்லவுமில்லை. ஒருநாள் கடைசி வருட மாணவன் ஒருவன் வேலைக்கான விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யக் கொண்டுவந்தான். ‘நான் கடின உழைப்பாளி’ என்று எழுதியிருந்தான். தட்டச்சில் அவர் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. “அப்படி என்னப்பா உழைச்ச?” என்று கேட்டார். விடியற்காலையில் நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் கேன் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருவதாகவும், மூன்று வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதமானதில்லை என்றும் அவன் சொன்னான். “அடப்பாவி, இதை விட்டுட்டு என்னத்தையோ எழுதியிருக்கியே! இதை எழுது!” அவனுக்கு வேலை கிடைத்தது. மறு வாரம் நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் வாசல் கொள்ளவில்லை.

என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அவர் பதில் சொல்லுவதே கிடையாது. “பேரைப் பாத்து மயங்காத. அந்த வேலைல இருக்கறவங்க காலைல பத்து மணிக்கு என்ன பண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு போய்ப் பாத்துட்டு வா. அது பிடிச்சா மிச்சமும் பிடிக்கும்” என்று துரத்திவிடுவார். கார்ட்டூன் படம் செய்ய ஆசைப்பட்டவன் திரும்பி வந்து, “பத்து மணிக்கு ஒரு பூனையோட முடியை ஒவ்வொண்ணா வரையறாங்க மேடம்” என்றான். பிடித்ததா என்று கேட்டதற்கு, “நானும் ரெண்டு முடி வரைஞ்சேன்” என்று வெட்கப்பட்டான். மருத்துவமனை ஆய்வகத்துக்குப் போன பெண், நூற்றறுபது சீசாக்களில் பெயர் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தாள். “ஒண்ணு மாறினாலும் வேற ஆளுக்கு ஊசி போட்டுருவாங்க மேடம். நானும் கூட நின்னு சரிபாத்தேன். மணி ஒண்ணு ஆனதே தெரியல.” அன்றிலிருந்து அவள் பெயர் சீசாக்காரி. ஓட்டல் மேலாளர் ஆகிற கனவோடு போனவன், “வேணாம் மேடம்” என்று தொங்கிய முகத்தோடு வந்தபோது அவருக்கு இன்னும் சந்தோஷம். “பிடிக்காத வேலைல போற மூணு வருஷம் மிச்சம்டா உனக்கு! பிஸ்கட் எடுத்துக்கோ.”

அவருடைய கணவர் பல்செட் செய்கிறவர். மனைவியோடு வெளியே கிளம்புவதென்றால் அவருக்குக் கொஞ்சம் கலக்கம்தான். “லிஃப்ட் ரிப்பேர் பண்றவரைப் பாத்தா பேச்சு, மரம் வெட்டறவரைப் பாத்தா பேச்சு. பத்து மணிக்கு என்ன பண்ணுவீங்க, பத்து மணிக்கு என்ன பண்ணுவீங்க! ஒருநாள் பாருங்க, திருட வந்தவன்கிட்டயும் கேக்கப்போறா.”

இந்த வருடம் நிர்வாகம் அந்த அறையை முறையான துறையாக்கியது. ‘வழிகாட்டி அலுவலர்’ என்று ஒரு பதவி. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். நேர்முகத் தேர்வு உண்டு. அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தவரும் அவர்தான். பலகையில் நான்கு முனையிலும் ஊசி குத்தி மாட்டியவரும் அவர்தான். மாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். வேறொருவர் வந்தால் அறை அவருக்குப் போய்விடும், இவர் பழையபடி கடிதம் அடிக்க வேண்டியதுதான். அன்று பிஸ்கட் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை.

கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது சீசாக்காரி வந்து நின்றாள். “நீங்க போடலையா மேடம்?”

“எனக்கு அதெல்லாம் வராதுடி.”

“எங்களுக்கு மட்டும் வந்துச்சா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நான் இன்டர்வியூவுக்கே போனதில்லடி. ஒரு தடவைகூட.”

பதினோரு வருடமாகக் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி. சீசாக்காரி சிரிக்கவில்லை. விண்ணப்பத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் யோசித்து யோசித்து எழுதிய முதல் வரி: ‘பொறுப்பும் கடின உழைப்பும் உடையவள்.’ சீசாக்காரி சிவப்புப் பென்சிலால் அதைக் குறுக்கே கோடிழுத்து அடித்தாள். “இதை யாரு வேணா எழுதலாம். என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க மேடம்.” அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அறை அதிரச் சிரித்தார்.

மறுநாள் ஒத்திகை. அவருடைய நாற்காலியில் சீசாக்காரி, இரண்டு பக்கமும் இரண்டு பேர். அவர் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“எலக்ட்ரிகல்ல ஒரு பையன், பேசவே மாட்டான், இப்ப பாருங்க...”

“அது அவன் மேடம். நீங்க?”

“நான்... டைப் அடிப்பேன்.”

“மறுபடியும் வாங்க” என்றாள் சீசாக்காரி, மரியாதைக்கு ஒரு ‘ங்க’ சேர்த்து.

ஏழு தடவை வெளியே அனுப்பினார்கள். மூடிய கதவுக்கு வெளியே நிற்கும்போது அவருக்கு உள்ளங்கை வியர்த்தது, சொந்தப் பெயரே மறந்துபோனது போலிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “கதவுக்கு அந்தப் பக்கம் இப்படியாடி இருக்கும்? இத்தனை வருஷத்துல ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கத்தினார். மூன்று பேரும் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்கள். எட்டாவது தடவை உட்கார்ந்து, தண்ணீர் கேன் போட்டவனில் தொடங்கி, தான் செய்ததைத் தான் செய்ததாகவே சொன்னார்.

தேர்வு நாளன்று உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்: முதல்வர், இயந்திரத் தொழிற்சாலை நடத்துகிற ஒரு முதலாளி, தலையைத் தூக்காமல் குறிப்பெழுதுகிற அலுவலகக் கண்காணிப்பாளர். முதலாளி தாளைப் புரட்டிவிட்டு, “இந்தத் துறையில உங்களுக்குப் பட்டம் எதுவும் இல்லையே?” என்றார். ஒத்திகையில் வராத கேள்வி. பதற்றத்தில், மேடத்தின் நாக்குக்குப் பழகிப்போன ஒன்று தானாக வெளியே வந்து விழுந்தது.

“நீங்க காலைல பத்து மணிக்கு என்ன பண்ணிக்கிட்டு இருப்பீங்க சார்?”

முதல்வரின் பேனா கீழே விழுந்தது.

“கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருப்பேன்” என்றார் முதலாளி.

“பிடிச்சிருக்குங்களா?”

“இல்ல” என்றார் அவர். தன் பதிலைக் கேட்டுத் தானே ஆச்சரியப்பட்டவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். “கீழ மெஷின் ஓடற சத்தம் கேக்கும். அங்க போய் நிக்கணும்போல இருக்கும்.”

“நிக்கலாமே சார். கையெழுத்தை மத்தியானத்துக்குத் தள்ளிட்டா பத்து மணி உங்களுதுதானே.”

கால் மணி நேரத் தேர்வு ஐம்பது நிமிடம் ஓடியது. வெளியே வந்தவரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். “என்ன மேடம் கேட்டாங்க?”

“நான்தான்டி கேட்டேன்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “எல்லாம் போச்சு.”

நான்கு நாள் கழித்து அவர் பெயருக்கு நியமன உத்தரவு வந்தது. சீசாக்காரி தாழ்வாரத்தில் நின்று அதை இரண்டு முறை உரக்கப் படித்தாள், இரண்டாவது முறை பட்டறைப் பிரிவுக்கும் கேட்கிற மாதிரி. யார் யாரோ யாரையோ தூக்கிச் சுற்றினார்கள். தகவல் கிடைத்து, கையில் பல் அச்செடுக்கிற மெழுகு ஒட்டியபடியே ஓடிவந்த கணவர், மனைவியின் முகத்தை வாசலிலேயே நின்று பார்த்தார். “இந்தச் சிரிப்புக்கு அளவெடுத்தா என்கிட்ட இருக்கற பல்லு பத்தாதுங்க” என்றார், பக்கத்தில் நின்ற காவலாளியிடம்.

பதவி ஏற்று இரண்டு வாரமிருக்கும். ஒரு மத்தியானம், வரிசையில் நின்ற கடைசி மாணவியும் போன பிறகு, வாசலில் இன்னும் ஒருவர் நின்றார். நேர்முகத்தில் தலையைத் தூக்காமல் குறிப்பெழுதிய அந்தக் கண்காணிப்பாளர். கையில் ஒரு கோப்பு. “ஒரு கையெழுத்து வேணும்” என்றார். மேடம் வாங்கிப் பிரித்தார். உள்ளே ஒரு தாள்கூட இல்லை.

கண்காணிப்பாளர் தாழ்வாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “எனக்கு நாப்பத்தேழு ஆச்சுங்க” என்றார். “இந்த வயசுல... கேக்கலாங்களா?”

மறுபடி மேடம் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, எதிர் நாற்காலியில் குவிந்திருந்த விண்ணப்பங்களையும் தன் கைப்பையையும் அள்ளித் தரையில் வைத்தார். பிறகு கைக்குட்டையை உதறி, இருக்கையைத் துடைத்தார்.